நெய் சேராத அல்வாவும் ஒரு வெள்ளைத் திரையும்: மும்பையில் ஏழு நாள்

செப்டம்பர் 27, 2024, வெள்ளி

தாதரில் இறங்கும்போது நன்றாக விடிந்திருந்தது. பையில் துணிமணியைவிடத் தையல் சாமான்தான் அதிகம்: அப்பாவின் பெரிய கத்தரி, டேப், இரண்டு பெட்டி ஊசி, சாக்கட்டி.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் என்னோடு வேலை பார்த்த நண்பன் ஒருவன் மும்பைக்காரன், மராத்தி பேசும் யூதர்களான பெனே இஸ்ரேல் சமூகத்துப் பிள்ளை. இப்போது இஸ்ரேலில் லோத் என்ற ஊரில் இருக்கிறான். அவன் அம்மாவுக்குப் போன மாதம் கண்புரை ஆபரேஷன். யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா அக்டோபர் 2 சாயங்காலம் தொடங்குகிறது, அதற்குள் ஆலயத்துக்கு ஒரு வெள்ளைத் திரை தைத்துத் தருவதாக அந்த அம்மா ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறார். "நீ டெய்லர் மகன்தானே, போய்த் தைத்துக் கொடுத்துவிட்டு அல்வா தின்றுவிட்டு வா" என்றான். திருநெல்வேலிக்காரனிடம் இப்படிச் சொன்னால் அது சவால் மாதிரி. டிக்கெட் போட்டுவிட்டேன்.

வீடு மஜ்காவ் பகுதியில், பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. ஆன்ட்டி கறுப்புக் கண்ணாடியோடு கதவைத் திறந்து, "சாப்பிட்டாயா பேட்டா?" என்று கேட்டார். அடுத்த கேள்வி, "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தைக்க மாட்டாய் அல்லவா?" வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் எல்லா வேலையும் நின்றுவிட வேண்டும், சபாத் என்ற வார ஓய்வு நாள். அதனால் முதல் நாள் தையலே இல்லை, சமையல்தான். கறுப்பு உலர்திராட்சையைக் காலையிலேயே ஊறப் போட்டிருந்தார்கள். மதியம் அதைக் கையால் பிசைந்து வடிகட்டியதுதான் சாயங்காலம் மந்திரம் சொல்லிக் குடிக்கும் 'ஒயின்'. கோழியை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, அப்புறம் ஒரு மணி நேரம் கல்லுப்பில் புரட்டிச் சாய்வாக வைத்து, மூன்று தண்ணீர் அலசினார்கள். இரத்தம் ஒரு சொட்டு இருக்கக் கூடாதாம். குழம்பு தேங்காய்ப்பாலில். கொத்தமல்லி, பச்சை மிளகாய், இஞ்சி அரைத்த வாசம் அப்படியே நம் வீட்டு வாசம். தயிர் கேட்டேன். ஆன்ட்டி சிரித்தார், கறியோடு பால் பண்டம் எதுவும் சேராது. சரி, அதனால்தான் தேங்காய்ப்பாலா என்றேன். "பின்னே? இந்தக் கொங்கண் கரையில் தென்னைமரம் இல்லாவிட்டால் நாங்கள் என்ன செய்திருப்போம்?"

ஆறு மணிக்குக் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரும் தேங்காயெண்ணெயும் ஊற்றித் திரி போட்டு ஏற்றினார். வீடு அமைதியாகிவிட்டது.

செப்டம்பர் 28, சனி

ஒன்றும் செய்யவில்லை. நிஜமாகவே ஒன்றும் இல்லை. சட்டையில் பட்டன் ஒன்று தொங்கியது, பழக்கதோஷத்தில் ஊசியை எடுத்தேன், அங்கிள் தொண்டையைச் செருமினார். சபாத்தில் கூடாதவை என்று அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் 39 வேலைகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. அதில் தையலுக்கு அளவே கொடுத்திருக்கிறார்கள்: இரண்டு தையல். தைப்பதற்காக ஒரு துணியைக் கிழிப்பதும் தனியாக ஒரு குற்றம். நூல் நூற்பது, நெய்வது, முடிச்சுப் போடுவது, அவிழ்ப்பது எல்லாம் அதே பட்டியலில்தான். அப்பாவிடம் இதைச் சொன்னால் கடவுளே டெய்லராக இருந்தவர்தான் போல என்பார்.

இந்த விருந்தாளி யூதன் இல்லை, தைத்தால் பாவமில்லைதான். ஆனாலும் அந்த வீட்டில் மெஷின் மேல் போர்வை போட்டு மூடி வைத்திருந்ததைப் பார்த்த பிறகு தொங்கும் பட்டனோடே இருந்துவிட்டேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

புத்தாண்டுக்கு முன்னால் பெரியவர்கள் கல்லறைக்குப் போய் வருவது வழக்கம் என்று அங்கிள் அலிபாகுக்குக் கிளம்பினார், நானும் ஒட்டிக்கொண்டேன். பாவுச்சா தக்கா துறையிலிருந்து கார்களையும் ஏற்றிச் செல்லும் பெரிய படகு, மாண்ட்வா வரை ஒரு மணி நேரம். கடல் இன்னும் மழைக்காலத்துப் பழுப்பு நிறத்தில்தான் இருந்தது.

நவகாவ் என்ற சின்னக் கடலோரக் கிராமம். இங்கேதான் கப்பல் உடைந்து ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மட்டும் கரை ஏறினார்கள், அவர்கள் வம்சம்தான் நாங்கள் என்பது இவர்களின் மரபுக் கதை. எப்போது என்று கேட்டால் இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் என்பார்கள். ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. புத்தகம், சுருள் எல்லாம் கடலில் போய்விட்டன. மிஞ்சியவை சனிக்கிழமை ஓய்வு, எட்டாம் நாள் விருத்தசேதனம், ஷெமா என்ற ஒரு பிரார்த்தனையின் முதல் வரி, அப்புறம் சமையல் விதிகள். எண்ணெய் ஆட்டும் தொழில் செய்தார்கள், சனிக்கிழமை செக்கு ஓடாது, ஊர்க்காரர்கள் 'ஷனிவார் தேலி', சனிக்கிழமை வாணியர் என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் தாவீது ரஹாபி என்ற யூதர் ஒருவர் வந்து, இவர்கள் யூதர்கள்தானா என்று பார்க்கப் பெண்களிடம் ஒரு கூடை மீனைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். துடுப்பும் செதிலும் உள்ள மீனை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை ஒதுக்கினார்களாம், அதுவே சாட்சி. இது நடந்ததா இல்லையா என்பதை வரலாற்றுக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்குப் பிடித்தது வேறு விஷயம்: அந்தத் தேர்வை எழுதியது ஆண்கள் இல்லை, மீன் ஆய்ந்த பெண்கள்.

(நண்பர் ஒருவர் நேற்று கேட்டிருந்தார், இறால் கிடையாதா என்று. கிடையாது. நண்டு, கணவாய், சுறா எதுவும் கிடையாது. ஆமாம், எனக்கும் வருத்தம்தான்.)

அலிபாகில் 'இஸ்ராயல் ஆளி' என்றே ஒரு தெரு, அதில் மாகேன் அபோத் ஜெப ஆலயம். பக்கத்துத் தெருவில் அங்கிளின் சொந்தக்கார அம்மா ஒருவர், எழுபதுக்கு மேல் வயதிருக்கும், ஒரு டப்பாவைக் கொடுத்தார். உள்ளே வெள்ளைக் கட்டிகள். முகர்ந்து பார்த்ததும் பொறி தட்டியது. கோதுமைப் பால்! கோதுமையை மூன்று நாள், தினமும் தண்ணீர் மாற்றி ஊற வைத்து, அரைத்துப் பிழிந்து, தெளிய வைத்து, அடியில் தங்கியதை வெயிலில் காய வைத்தது. இவர்கள் சொல்லும் பெயர் 'சீக்'. பம்பாய்க் கடைகளில் பாக்கெட்டில் கிடைக்கிறதாம், ஆனால் ஆன்ட்டிக்குப் பாக்கெட் ஆகாது.

செப்டம்பர் 30, திங்கள்

இனிமேல் தையல். மங்கள்தாஸ் மார்க்கெட்டுக்கு ஆன்ட்டியும் நானும் போனோம். வெள்ளை என்றால் ஒரு வெள்ளையா? பால் வெள்ளை, முத்து வெள்ளை, நீலம் போட்ட வெள்ளை. கனமான சாட்டின் ஐந்தரை மீட்டர், உள்ளே லைனிங்குக்குக் காட்டன் ஐந்தரை மீட்டர், அங்கிளுக்கு ஒரு குர்தாவுக்குத் துணி. கடைக்காரரிடம் ஆன்ட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், கம்பளி கலந்திருக்கிறதா. கம்பளியும் லினனும் ஒரே உடுப்பில் சேரக் கூடாது என்பது அவர்கள் வேதமான தோராவிலேயே உள்ள சட்டம். சாட்டினில் இரண்டும் இருக்காது என்று கடைக்காரர் பரிதாபமாகப் பார்த்தார். புலேஷ்வரில் சரிகை பார்டர் வாங்கினோம், அங்கே நவராத்திரிக்குக் காக்ரா வாங்க வந்த கூட்டத்தில் நசுங்கிப் போனோம். இந்த வருஷம் இரண்டும் ஒட்டிக்கொண்டு வருகின்றன: அக்டோபர் 2 மகாளய அமாவாசை, அன்று சாயங்காலம் இவர்களுக்கு ஆண்டுப் பிறப்பு, மறுநாள் நவராத்திரி. இரண்டுமே நிலாவைப் பார்த்துப் போட்ட கணக்குதானே.

அப்புறம் வீட்டில் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தேன். திரைக்குப் பெயர் பரோகேத். தோராச் சுருள்களை வைத்திருக்கும் மாடத்தின் முன்னால் தொங்குவது. வருஷம் முழுக்கச் சிவப்போ நீலமோ வெல்வெட்டில் இருக்கும், புத்தாண்டிலிருந்து யோம் கிப்பூர் என்ற உபவாச நாள் வரை வெள்ளை. பழைய வெள்ளைத் திரையைக் காட்டினார்கள், மும்பை மழையில் பூஞ்சை பூத்து தேமல் போல் இருந்தது. ஏழடி நீளம், ஐந்தடி அகலம். சாட்டின் வழுக்கும், தையல்காரர்களுக்குத் தெரியும், பல்லில் பிடிக்காமல் ஓடும். அடியில் செய்தித்தாள் வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்து எடுப்பது அப்பா சொல்லிக்கொடுத்த வித்தை. மராத்தித் தினசரி ஒன்றின் நாலு பக்கம் போயிற்று. ஆன்ட்டி கறுப்புக் கண்ணாடியோடு பக்கத்திலேயே உட்கார்ந்து ஓரத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். கண்ணால் பார்த்திருந்தால் விட்டிருப்பார், விரல் விடவில்லை. மூன்று இடத்தில் பிரித்துத் தைத்தேன்.

வெட்டி மிஞ்சிய துணியில் கிப்பா, தலைத் தொப்பி. ஆறு முக்கோணத் துண்டுகள் உச்சியில் ஒரே புள்ளியில் சேர வேண்டும். முதலாவது, கத்திரிக்காய்க் காம்பு மாதிரி உச்சியில் குமிழ் விட்டது. இரண்டாவது தேவலை. அங்கிள் முதலாவதைத்தான் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார், மனிதருக்கு அப்படியொரு குசும்பு.

எனக்கு ஒரு தடுமாற்றம் இருந்தது, கேட்டே விட்டேன். எங்கள் ஊரில் பெண்கள் வெள்ளைப் புடவை கட்டினால் வேறு அர்த்தம், நீங்கள் பண்டிகைக்கா கட்டுகிறீர்கள்? "கல்யாணத்துக்கே வெள்ளைதான் கட்டினேன்" என்று ஆன்ட்டி பீரோவைத் திறந்து காட்டினார். அக்கம்பக்கத்தார் முதலில் திடுக்கிட்டுப் போனார்களாம், அப்புறம் பழகிவிட்டார்களாம்.

அக்டோபர் 1, செவ்வாய்

அல்வா நாள்.

சீக்கை இராத்திரியே ஊறப் போட்டாயிற்று. மதியம் பன்னிரண்டு தேங்காய் துருவிப் பால் எடுத்தோம், முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாக. அண்டாவில் கோதுமைப் பால், தேங்காய்ப்பால், சர்க்கரை, கரைத்த கடற்பாசி. சிவப்புச் சாயம் ஒரு சிட்டிகை. நெய் எங்கே என்றேன். ஆன்ட்டி என்னைப் பார்த்த பார்வை! கறிச்சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடுகிற பண்டத்தில் நெய் எப்படி வரும்? நெய்யில்லாத அல்வாவா என்று இருட்டுக்கடை வரிசையில் நின்று வளர்ந்த எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் கிண்டக் கிண்டத் தெரிந்தது, தேங்காய்ப்பாலே எண்ணெய் கக்கி ஓரத்தில் மினுங்கும். அதுதான் பதத்துக்கு அடையாளம். கை மாற்றி மாற்றிக் கிண்ட வேண்டும், மூன்று மணி நேரமாவது, ஒரு நிமிஷம் நிறுத்தினாலும் அடிப்பிடிக்கும். முன்பெல்லாம் கட்டடத்தில் நாலைந்து யூதக் குடும்பங்கள் இருந்தன, ஆளுக்கு அரை மணி நேரம் என்று முறை போட்டுக் கிண்டுவோம் என்றார். இப்போது இந்தக் கட்டடத்தில் இவர்கள் மட்டும்தான். மற்றவர்கள் இஸ்ரேலில் லோத், திமோனா, அஷ்தோத் ஊர்களில். சிலர் தானேயில்.

கிண்டிக்கொண்டே பண்டிகைப் பெயர்களைச் சொன்னார். எபிரேயப் பெயர்கள் எல்லாம் பின்னால் வந்தவை. பாட்டிகள் காலத்தில் மராத்திதான். ரோஷ் ஹஷானா 'நவ்யாசா சண்', புதுப் பண்டிகை. அதற்குச் சில நாள் கழித்துக் 'கிரிசா சண்', கீர்ப் பண்டிகை, புதுத் தானியத்தில் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துப் பாயசம். யோம் கிப்பூர் 'தர்ஃபால்னிசா சண்', கதவடைப்புப் பண்டிகை, வெள்ளை உடுத்தி வீட்டுக்குள்ளேயே உபவாசம். எஸ்தர் கதையைக் கொண்டாடும் பூரீம் 'ஹோளிசா சண்', அதற்குப் பூரண போளி. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதைக் கொண்டாடும் பஸ்காவுக்குப் பெயர் 'அனாசி டாகாச்சா சண்', புளிப்பு ஜாடியை மூடும் பண்டிகை. எகிப்தும் பார்வோனும் மறந்துபோயிற்று, ஜாடியை மூட வேண்டும் என்பது மட்டும் மறக்கவில்லை! எங்கள் ஊர்ப் பக்கம் வேதாகமம் படித்தவர்களுக்கு ரோஷ் ஹஷானாவை எக்காளப் பண்டிகை என்றால் தெரியும். எழுத்தில் வைத்திருந்தவர்களுக்கு எக்காளம். எழுத்தைத் தொலைத்தவர்களுக்குப் பாயசமும் ஜாடியும். எதை வைத்து நாள் கணக்கை விடாமல் பிடித்திருக்கிறார்கள் பாருங்கள்.

இரவு பத்து மணிக்குக் கொஞ்சம் மேல். அங்கிள் உள் அறையிலிருந்து சத்தம் போட்டார். டிவியில் ஈரான் ஏவுகணைகள், இஸ்ரேல் முழுக்கச் சைரன். ஆன்ட்டி கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நண்பனின் போன் போகவில்லை. மறுபடி போகவில்லை. நான் எட்டிப் பார்க்கவும் வேண்டும், கிண்டவும் வேண்டும், இரண்டும் சரியாக நடக்கவில்லை. பத்தே முக்கால் இருக்கும், அவனே கூப்பிட்டான், கட்டடத்துப் பாதுகாப்பு அறையிலிருந்து. பின்னால் குழந்தைகள் சத்தம். "அம்மா, நாங்கள் நலம். என்ன செய்கிறாய்?" "அல்வா கிண்டுகிறேன்." "அவனையா கிண்டவிட்டாய்? அடிப்பிடித்திருக்கும்."

பிடித்திருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு. ஆன்ட்டி அந்த இடத்தைத் தொடாமல் மேலாக எடுத்துத் தட்டில் ஊற்றி, பாதாம், பிஸ்தா தூவினார். கையோ இலேசாக நடுங்கியது, ஆனாலும் தட்டைத் தட்டிச் சமமாக்கும்போது விளிம்பு வரை ஒரே கனம்.

அக்டோபர் 2, புதன்

காலையில் அல்வாவை வைர வடிவத்தில் வெட்டினார்கள். வாயில் போட்டேன். நம்முடையது மாதிரி வழுக்கிக்கொண்டு போகாது, கொஞ்சம் நின்று மென்று சாப்பிட வேண்டும். ஜெல்லிக்கும் அல்வாவுக்கும் நடுவில். நல்லதுதான், ஆனால் அல்வா என்றால் திருநெல்வேலிதான், இதில் நான் சமரசம் செய்ய முடியாது. கடைசியில் இலேசாகப் புகை வாசம் வந்தது, அது என் பங்கு.

மதியத்துக்குள் திரையைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாசலில் அடையாள அட்டை சோதனை, பை சோதனை. 2008 பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு இந்த ஊர் ஜெப ஆலயங்களில் இது வழக்கமாகிவிட்டது. ஏணி போட்டு மாட்டினார்கள். திரையில் நான் வைத்துத் தைத்த சரிகை நட்சத்திரம் அரை அங்குலம் இடப்பக்கம் விலகியிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. நான் மட்டும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் கணக்கு கொஞ்சம் சிக்கல். பண்டிகை வியாழன், வெள்ளி, ஒட்டியே சபாத், ஆக மூன்று நாள் தொடர். பண்டிகையில் ஏற்கெனவே எரிகிற நெருப்பில் சமைக்கலாம், புதிதாக நெருப்பு மூட்டக் கூடாது. சபாத்தில் சமையலே கூடாது. வெள்ளியன்று சபாத்துக்காகச் சமைக்க வேண்டுமானால் புதன்கிழமையே அதைத் தொடங்கியதாக ஒரு அடையாளம் வேண்டும். ஒரு ரொட்டியும் ஒரு வேகவைத்த முட்டையும் எடுத்து, மந்திரம் சொல்லித் தனியாக வைத்தார் அங்கிள். ஏருவ் தவ்ஷிலின் என்று பெயர். சட்டத்தை மீறாமல் சட்டத்துக்குள்ளேயே ஒரு ஜன்னல்.

இராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒரு தட்டு வரும்: ஆப்பிளும் தேனும், பேரீச்சை, மாதுளை, சுரைக்காய், தட்டைப்பயறு, பீட்ரூட் கீரை, வெங்காயத்தாள், ஒரு மீன் தலை. ஒவ்வொன்றும் சிலேடை! தட்டைப்பயறு 'ரூபியா', அது பெருகுதல் என்ற சொல்லோடு ஒலிக்கும், எங்கள் நற்செயல் பெருகட்டும். சுரைக்காய் 'கரா', கிழிப்பது என்ற சொல்லைப் போல, எங்கள்மேல் எழுதிய கெட்ட தீர்ப்பு கிழியட்டும். மீன் தலை, வாலாக இல்லாமல் தலையாக இருப்போம். காளமேகப் புலவர் இருந்திருந்தால் இந்தத் தட்டில் உட்கார்ந்திருப்பார். ராவஸ் மீன் தலையை நான்தான் ஆய்ந்தேன், நம் ஊர்க் காலா மீன்.

ஐந்தரை மணிக்கு நண்பனோடு கடைசியாகப் பேசினார்கள். இனி சனிக்கிழமை இரவு வரை இவர்கள் போனைத் தொட மாட்டார்கள். விளக்கேற்றப் போகும்போது ஆன்ட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். வேற்று மதத்தவனிடம்கூட 'நீ எனக்காகச் செய்' என்று கேட்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. அதனால் கேட்கவில்லை. "உன் போனில் சார்ஜ் இருக்கிறதா பேட்டா?" என்று மட்டும் விசாரித்தார்.

இருக்கிறது என்றேன்.

அக்டோபர் 3, வியாழன்

இதை மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன், உள்ளே போனை எடுக்க மனசு வரவில்லை.

காலையில் ஆலயத்தின் பின்வரிசை. ஷோபார் ஊதினார்கள், ஆட்டுக்கிடா கொம்பு. நம் ஊர்க் கொம்பு வாத்தியம் மாதிரி கம்பீரமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். அது வேறு, உடைந்து உடைந்து அழுகிற மாதிரி ஒரு குரல். பெண்கள் பக்கம் எல்லாம் வெள்ளைப் புடவை. திரை அசைந்தபோது கீழ் மடிப்பு சரியாக விழுந்தது, நட்சத்திரத்தை மன்னித்துவிட்டேன்.

சாயங்காலம் தஷ்லீக். பாவத்தைத் தண்ணீரில் எறிவது. வீட்டிலிருந்து நடந்தே பாவுச்சா தக்காவுக்குப் போனோம். மீன் வாடை, ஐஸ் வண்டிகள், லாரி ஹாரன், இதன் நடுவில் வெள்ளை உடுத்த ஐம்பது அறுபது பேர் கடலைப் பார்த்து நின்று புத்தகம் பார்த்துப் பிரார்த்தனை. மீனவப் பெண்கள் பழக்கப்பட்டவர்கள் போல வழிவிட்டார்கள். படியிறங்கும்போது நண்பனிடமிருந்து ஒரு மெசேஜ் வந்திருந்தது. ஆன்ட்டி கேட்கவில்லை. நான் கடலைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ சொல்வது போல, "லோத்தில் எல்லாரும் நலமாம், நன்றாகத் தூங்கினார்களாம்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

பிரார்த்தனை முடிந்து எல்லாரும் உடுப்பின் ஓரத்தைப் பிடித்து உதறினார்கள். நான் தைத்த குர்தாவின் பையை அங்கிள் வெளியே இழுத்து உதறினார். பாவம் விழுந்ததோ என்னவோ, நான் வெட்டாமல் விட்ட பிசிறு நூல்கள் நாலைந்து பறந்து தண்ணீரில் விழுந்தன. ஒன்று மட்டும் தையலில் பிடித்துக்கொண்டு தொங்கியது. வெட்டிவிடக் கை போயிற்று. இன்றைக்கு வெட்டக் கூடாது. அந்த நூலோடேயே அங்கிள் வீட்டுக்கு நடந்தார், தலையில் உச்சி குமிழ்ந்த அந்தக் கிப்பா.